வந்து சேர்ந்தாச்சு

அசரியா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வேதப்புத்தகம் மட்டும் ஏரிக்கரையில் இருந்தது.

சாராள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள், தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டும் பார்த்தாள். முடிச்சூர் ஏரிக்கரையில் அந்தப் பச்சைப் புள்ளி அசையாமல் நின்றது. கீழே ‘சற்று முன்’ என்று காட்டியது. மனிதர் வீட்டுக்கு வந்து, தலை துவட்டி, வேட்டி மாற்றி, ரசம் சாதமும் சாப்பிட்டாயிற்று. ஆனால் அந்தப் புத்தகத்தை விட்டுவிட்டு அவர் தெருமுனைக்குக்கூடப் போனவரில்லை. தொலைத்த குடைகளுக்குக் கணக்கே கிடையாது. மகன் ஆரோன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை அவனையே தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் மறந்துவிட்டு வந்தவர். அன்றைக்கும் கக்கத்தில் கறுப்பு ஜிப் உறை போட்ட அந்தப் புத்தகம் மட்டும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது.

அசரியா ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்ததிலிருந்து சாயங்காலமானால் போதும், ‘டியூட்டிக்கு நேரமாச்சு’ என்று கிளம்பிவிடுவார். தேடித் தேடிச் சாராளுக்குக் கால் தேய்ந்தது. அப்போதுதான் புனேயில் வேலை பார்க்கும் ஆரோன், ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த இரண்டு வெள்ளை வில்லைகளை அனுப்பிவைத்தான். இதை எதில் கட்டிவைத்தாலும் அது இருக்கிற இடத்தைப் போன் சொல்லிவிடும் என்றான்.

அவள் ஒன்றைக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் போடப் போனாள். “என்ன இது, தாயத்தா? உபதேசியார் பிள்ளை கழுத்துல இதையா கட்டுற?” என்று பிய்த்து எறிந்தார். சொந்தப் பேரன் பெயர் மறந்தவருக்குத் தான் சபை உபதேசியார் மகன் என்பது மட்டும் மறக்கவில்லை. சாராள் தையல் டீச்சராக இருந்தவள். மனுஷனைக் கட்ட முடியாவிட்டால் மனுஷன் விடாத பொருளைக் கட்டலாம் என்று யோசித்து, புத்தக உறையின் உள்துணியைப் பிரித்து, வில்லையை வைத்து, தையல் போட்டதே தெரியாமல் மூடிவிட்டாள். ஜோடியில் மற்றொன்றை வராந்தா கிரில் கேட்டின் பூட்டுச் சாவியில் கோத்தாள். சாவியை அவரிடமிருந்து ஒளித்து ஒளித்து, கடைசியில் வைத்த இடம் அவளுக்கே மறந்துபோய்க்கொண்டிருந்தது.

ஆக, புள்ளி காட்டுவது புத்தகத்தைத்தான், மனுஷனை இல்லை. எங்கோ வைத்துவிட்டு வந்திருப்பார். அவ்வளவுதான். அப்படிச் சொல்லிக்கொண்டும் அவள் மறுபடி போனைப் பார்த்தாள்.

மூன்று நாளாக மழை. ஏரி நிரம்பிவிட்டது, எந்த நேரமும் தண்ணீர் வரும் என்று மத்தியானமே ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்தில் கழுத்தளவு தண்ணீரைப் பார்த்த தெரு அது. யாரும் இரண்டாம் முறை சொல்லவேண்டியிருக்கவில்லை. மூட்டை கட்டினார்கள், பூட்டினார்கள், போனார்கள். கடைசியாகக் கிளம்பியது பக்கத்து வீட்டு ஏகநாதன். அந்தக் காலத்தில் இந்தத் தெருவே அவர்கள் வீட்டு நெல்வயல். இன்றைக்கும் ஷெட்டில் ஒரு டிராக்டர் வைத்திருக்கிறான். மனைவி, பிள்ளைகள், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு ஊரப்பாக்கத்து மாமனார் வீட்டுக்குப் புறப்பட்டவன், இவள் வாசலில் நிறுத்தினான்.

“இன்னாக்கா இன்னும் கெளம்பாம கீறீங்க? வெள்ளம் தலைக்கு மேல போனா சாண் இன்னா, மொழம் இன்னா? ஏறுங்க வண்டில.”

“சார் வரலையேப்பா. நான் கேட்டைப் பூட்ட மறந்த நேரம் பாத்து நாலு மணிக்கே போனவரு. அவரை விட்டுட்டு நான் எப்படி வர?”

ஏகநாதன் தலையைச் சொறிந்தான். “இவங்கள அங்க வுட்டுட்டு ஒரு ரவுண்டு வரேன். வழில சாரப் பாத்தா இட்டாந்துர்றேன். நீங்க பேஜார் ஆவாதீங்க.”

டிராக்டர் சத்தம் தேய்ந்தபின் தெருவில் மனித ஓசை என்று ஒன்றும் இல்லை. தவளைகள், கூரைத் தகரத்தில் மழை, எங்கோ ஒரு வீட்டின் மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம். பிறகு கரண்ட்டும் போனது. வெளிச்சம் வடிந்து, எதிர்வீட்டு மதில் எது, தண்ணீர் எது என்று தெரியாமல் போன அந்த நேரத்தில்தான், வராந்தாவில் நின்ற சாராள் கிரில்லுக்கு வெளியே அவரைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. தட்டவில்லை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தவள் அவள்தான். கையைப் பிடித்து உள்ளே இழுத்தவளும் அவள்தான். அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே துவட்டினாள். பழையபடி பூட்டி, சாவியைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் மேல் போட்டாள். அவர் வந்துவிட்ட சந்தோஷத்தில்தான் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டாள்.

அசரியா வீட்டுக்குள் கால் வைத்ததும், செருப்பைப் படியில் இரண்டு தட்டு தட்டி உதறிவிட்டு, “ஸ்தோத்திரம். வந்து சேர்ந்தாச்சு” என்பார். வேலைக்குப் போன நாளிலிருந்து வந்த பழக்கம். மறதி எத்தனையோ வார்த்தைகளைக் கொண்டுபோனது, இந்த மூன்றை மட்டும் விட்டுவைத்தது. இன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை.

அவள் ஆரோனைக் கூப்பிட்டாள். நாலைந்து முறை அறுந்து, பிறகு கிடைத்தது.

“அப்பா வந்துட்டாருடா. ஆனா புத்தகம் ஏரிக்கரைல இருக்குன்னு காட்டுது.”

“அப்பாடா. அம்மா, அது அப்படித்தான் காட்டும். அந்த வில்லைக்குத் தானா ஒண்ணும் தெரியாது. பக்கத்துல யாராவது போன் வச்சுக்கிட்டுப் போனா, அந்த போன்தான் நமக்குத் தகவல் சொல்லும். யாருமே போகலேன்னா பழைய இடத்தையே காட்டிட்டு இருக்கும்.”

“அப்போ இப்ப எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாதா?”

“எங்க இருந்துச்சுன்னு தெரியும்.”

“நல்லா வாங்கினே போ. பந்தல் பிரிச்சப்புறம் மேளம் அடிக்கிற மாதிரி.”

ஆரோன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு வேண்டியிருந்தது. “ஆளு வந்தாச்சுல்ல, புத்தகத்தைக் காலைல தேடலாம். நீங்க தண்ணி ஏறுறதுக்குள்ள மொட்டைமாடிக்குப் போயிடுங்க. அப்பாகிட்ட குடுங்க.”

ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “அப்பா, சாப்பிட்டீங்களா?” என்றான் ஆரோன். அவர் போனைப் பார்த்தார். உதடு அசையவில்லை. “அப்பா?” என்றான் மறுபடியும். இணைப்பு அறுந்தது.

சாராள் புது மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி மேஜையில் நிறுத்தினாள். உள்ளறைக்குப் போய் மாடிக்குக் கொண்டுபோகப் போர்வை, மாத்திரை டப்பா, தார்ப்பாய் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் திணித்தாள். அப்போது சமையலறைப் பக்கம் ஏதோ உலோகம் கிளிங் என்றது. தண்ணீர் குடிக்கிற சத்தம். மடக் மடக்கென்று, நிறுத்தாமல், ஒரு ஆள் குடிக்கக்கூடியதைவிட அதிகமாக. அவள் எட்டிப் பார்த்தபோது அவர் நாற்காலியில்தான் இருந்தார். உட்கார்த்திவைத்த அதே மாதிரி, முழங்காலில் கை வைத்து.

“தாகமா இருந்துச்சா?” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். நிதானமாக வாய் திறந்தார்.

“அப்பா, சாப்பிட்டீங்களா?” என்றார்.

ஆரோன் சொன்ன அதே இழுப்பு. ‘அப்பா’வில் அவன் கொடுக்கும் அந்தச் சின்ன அழுத்தம்கூட.

கேட்ட வார்த்தையையே கிளிப்பிள்ளைபோலத் திருப்பிச் சொல்லும் கட்டம் ஒன்று இந்த நோயில் வரும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வந்துவிட்டதுபோல. சாராள் கிட்டே போய் அவர் தலையைக் கோதினாள். துவட்டிய தலை சொதசொதவென்று ஈரமாக இருந்தது.

வேட்டியைத் தொட்டாள். பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிவிட்ட வேட்டி. பிழிந்தால் தண்ணீர் வரும். நாற்காலிக்கு அடியில் மொசைக் தரையில் ஒரு குட்டை தேங்கி, அது மெதுவாக மெழுகுவத்தி வெளிச்சத்துக்குள் ஊர்ந்துவந்துகொண்டிருந்தது. கூரை ஒழுகவில்லை. அண்ணாந்து பார்த்தாள். காய்ந்த கூரை.

“என்னங்க, மறுபடியும் வெளிய போனீங்களா?”

“தாகமா இருந்துச்சா?” என்றார் அவர், அவள் குரலில் இருந்த பரிவோடு.

அப்போதுதான் அந்த வாடை அவளுக்குப் பிடிபட்டது. வந்ததிலிருந்தே ஹாலில் இருந்த வாடைதான். மழை நாற்றம் என்று விட்டிருந்தாள். மழை நாற்றம் இல்லை. பதினைந்தில் தண்ணீர் வடிந்த பிறகு வீட்டைத் திறந்தபோது பீரோவுக்கு அடியில், மெத்தைக்குள், சுவர்க் காரைக்குள் இருந்து வந்த அந்த வாடை. ஏரியின் அடிச்சேறும், செத்ததும், சாக்கடையும் கலந்தது. பினாயில் ஊற்றிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மாதக்கணக்கில் போராடி அவள் இந்த வீட்டிலிருந்து விரட்டிய வாடை. அது இப்போது அவள் புருஷனின் வாயிலிருந்து வந்தது.

சாராள் போனைப் பார்த்தாள். புள்ளி இடம் மாறியிருந்தது.

ஏரிக்கரையில் இல்லை. மெயின் ரோட்டில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில். ‘சற்று முன்.’ முதலில் அவளுக்கு நிம்மதிதான் வந்தது. யாரோ நல்ல மனுஷன் புத்தகத்தைப் பார்த்து எடுத்திருக்கிறான். முதல் பக்கத்தில் பெயரும் விலாசமும் அவர் கையெழுத்தில் இருக்கிறதே, கொண்டுவந்து கொடுக்க வருகிறான். வந்தால் ஒரு துணை. இரண்டு பேரும் சேர்ந்து இவரை மாடிக்கு ஏற்றிவிடலாம். மாடிப்படி வீட்டுக்கு வெளியே, வராந்தாவை ஒட்டி இருந்தது. தனியாக அவளால் இவரை நடத்திக்கொண்டு போக முடியுமா என்ற கவலை அவளுக்கு அப்போதே இருந்தது.

“யாரோ உங்க புத்தகத்தை எடுத்துட்டு வராங்க” என்றாள், தனக்கே தைரியம் சொல்வதுபோல. “வாங்க, அதுவரைக்கும் ஜெபம் பண்ணுவோம்.”

எதிரே உட்கார்ந்து கண்ணை மூடினாள். “ஆண்டவரே, இந்த ராத்திரியில எங்களைக் காத்துக்கொள்ளும்” என்று தொடங்கினாள். இந்த இடத்தில் அவர் குரல் சேர்ந்துகொள்ளும். எதை மறந்தாலும் ஜெபத்தில் தடுமாறாதவர். இப்போதும் குரல் சேர்ந்தது. ஆனால் சேர்ந்து வரவில்லை. அவள் ஒரு வார்த்தையை முடித்த பிறகு அந்த வார்த்தை வந்தது. காத்துக்கொள்ளும். காத்துக்கொள்ளும். எங்கள் பிள்ளையை. எங்கள் பிள்ளையை. பள்ளிக்கூடத்தில் புதுப்பாடம் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைகள் பின்னால் சொல்வார்களே, அப்படி. தெரிந்த ஜெபத்தைச் சொல்லவில்லை. அவளிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தாள். அவர் கண்ணை மூடியிருக்கவில்லை. இமைக்காமல் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு பேச்சு தள்ளி வந்தது. இப்போது ஒரு வார்த்தை தள்ளித்தான். தாமதம் குறைந்துகொண்டே வருகிறது.

அவர் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். இளவயதில் டிக்கெட் அடிக்கிற இயந்திரத்தில் மாட்டி நசுங்கிய நகம். அது நசுங்கித்தான் இருந்தது. காதோரத்து மச்சம் இருந்த இடத்தில் இருந்தது. நெற்றிச் சுருக்கம், முன்கையில் ஊசி போட்ட தழும்பு, எல்லாம் சரி. இது என் புருஷன் இல்லாமல் வேறு யார்? பைத்தியமா எனக்கு? பாவம், நோயாளி மனுஷன், நனைந்து வந்து உட்கார்ந்திருக்கிறார், நான் அவரைப் போய்…

போன் டிங் என்றது. அவள் துள்ளி விழுந்தாள்.

ஏகநாதனிடமிருந்து ஒரு குரல் செய்தி. சிக்னல் விட்டு விட்டு வந்ததில் தேங்கிக் கிடந்து இப்போதுதான் இறங்கியிருந்தது. அவன் அனுப்பிய நேரம் ஓரத்தில் இருந்தது. இவர் வீட்டுக்குள் வந்து, சாப்பிட்டு, வாய் கொப்பளித்து உட்கார்ந்ததற்கு ரொம்பப் பின்னால்.

காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். மழைச் சத்தம், டிராக்டர் இரைச்சல், அதற்கு மேல் கத்திக்கொண்டு ஏகநாதன்.

“அக்கா, சாரப் பாத்துட்டேன். ஏரிக்கரைல தனியா நின்னுகினு கீறாரு. புக்க மாரோட கட்டிப் புட்சிகினு கீறாரு. வண்டில ஏத்தலாம்னு பாத்தா வரமாட்டேன்றாரு. சாரா காத்துகினு இருப்பா, நானே நடந்து போறேன்றாரு. நான் பின்னாலயே மெதுவா வரேன்க்கா, பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டி வரும், அதுக்கு மேல தண்ணி. நீங்க கேட்ட தொறந்து வெச்சிகினு இருங்க.”

செய்தி முடிந்தது. மழை பெய்துகொண்டிருந்தது.

புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு போன் வேண்டும் என்று ஆரோன் சொன்னானே. அந்தப் போன் ஏகநாதனுடையது. ஏரிக்கரையில் இருந்தது வெறும் புத்தகம் இல்லை. புத்தகத்தை விடாதவர், அதை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவ்வளவு நேரமும். இவளோ இங்கே இன்னொருவருக்குத் தலை துவட்டி, ரசம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

தலையைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். திருப்பக்கூடாது என்று தோன்றியது. நாற்காலிப் பக்கம் மூச்சுச் சத்தம் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டாள். இல்லை. சொட்டு. சொட்டு. சொட்டு மட்டும்.

குளிர்ந்த எதுவோ அவள் பாதத்தைத் தொட்டது. குனிந்து பார்த்தாள். வராந்தா வழியாகத் தண்ணீர் ஹாலுக்குள் வந்திருந்தது. நாற்காலிக்கு அடியில் இருந்த குட்டையைத் தேடிப்போய் அதோடு சேர்ந்துகொண்டது.

போனில் சார்ஜ் சிவப்பாகிவிட்டது. புள்ளி பஸ் நிறுத்தத்தைவிட்டு நகரவில்லை. ஆனால் அவர் அங்கே இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஏகநாதனின் வண்டி அங்கேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் வழியில் போனோடு யாரும் இல்லை. தெருவே காலி. புள்ளி அங்கே நிற்க, அதைத் தாண்டி ரொம்பத் தூரம் அவர் இருட்டுக்குள் நடந்து வந்துகொண்டிருக்கிறார். இடுப்புத் தண்ணீரில். ஒற்றையாளாக.

ஓசைப்படாமல் எழுந்தாள். ஒரு கையில் டார்ச்சு. ஒரு கையில் போன். ஹாலிலிருந்து வராந்தாவுக்குப் பத்தடிதான் இருக்கும். தண்ணீருக்குள் காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து வைத்தாள். பின்னால் நாற்காலி கிறீச்சிடவில்லை.

புத்தகம் என்று பெயரிட்டிருந்த வில்லையைத் தொட்டாள். சாயங்காலம் முழுக்க ‘தொலைவில் உள்ளது’ என்று சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது ‘இணைந்தது’ என்றது. முப்பதடிக்குள் இருந்தால்தான் இணையும். அதற்கு நடுவில் வேறு யார் போனும் தேவையில்லை. ஒலி எழுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

கிரில்லுக்கு வெளியே, மழைக்குள், மிக மெல்லியதாக ஒரு சத்தம். கொசு மாதிரி. டிங் டிங் டிங்.

சளப். சளப். யாரோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். தண்ணீருக்கு அடியில், படியில் செருப்பு, மந்தமாக. ஒரு தட்டு. இரண்டு தட்டு.

“ஸ்தோத்திரம்” என்றது அந்தக் குரல். நடுங்கியது, களைத்திருந்தது. “வந்து சேர்ந்தாச்சு. சாரா, கேட்டைத் தொற.”

அவளுக்குப் பின்னால், ஹாலுக்குள் இருந்து, ஒரு மூச்சு நேரம் கழித்து:

“ஸ்தோத்திரம். வந்து சேர்ந்தாச்சு. சாரா, கேட்டைத் தொற.”

அதே நடுக்கம். அதே களைப்பு.

சாராள் ஓடிப்போய்க் கிரில் கம்பிகளைப் பிடித்தாள். டார்ச்சு வெளிச்சத்தில் அவர் நின்றார். தண்ணீர் படிகளை மூழ்கடித்து அவர் தொடைக்கு மேல் ஓடியது. உதடு நீலம் பாரித்திருந்தது. மார்போடு ஜிப் உறை. அதற்குள் வில்லை இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவர் அதைக் கம்பி வழியாக அவளிடம் நீட்டினார்.

“நனையாமப் பாத்துக்கோ” என்றார்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு அவர் விரல்களைப் பிடித்தாள். சில்லென்று இருந்தாலும் மனுஷ விரல். அதில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. நசுங்கிய நகம் அவள் உள்ளங்கையில் உறுத்தியது. அந்த உறுத்தலை அவளுக்குத் தெரியாதா? ஐயோ, இதை விட்டுவிட்டு எதைத் தொட்டுக்கொண்டிருந்தேன் என்று அவள் விம்மினாள்.

“என்னங்க, மாடிக்குப் போங்க. பக்கத்துலதான் படி. மாடிக்குப் போங்க!”

“மாடியா?” அவர் குழந்தைபோல விழித்தார். “இதுதான நம்ம வீடு. குளிருது சாரா. கேட்டைத் தொற.”

“குளிருது சாரா” என்றது ஹால். இப்போது இன்னும் கிட்டத்தில்.

சாவி. ஃப்ரிட்ஜ் மேல். சமையலறைக்குள் பாய்ந்தாள். கையை வீசித் தடவினாள். தூசி. ஒரு பழைய நாப்தலின் உருண்டை. சாவி இல்லை. கீழே தண்ணீருக்குள் துழாவினாள். இல்லை. மேடையில் இல்லை. இங்கேதான் வைத்தாள். நிச்சயம் இங்கேதான்.

வாசலில் கிரில்லை உலுக்குகிற சத்தம். “சாரா.” பிறகு இருமல்.

இரண்டாவது வில்லை! போனைத் திருப்பினாள். ஒரே ஒரு கோடு சார்ஜ். சாவி என்ற பெயரைத் தொட்டாள். ‘இணைந்தது.’ கர்த்தரே, இணைந்தது. பொத்தானை அழுத்தினாள்.

சத்தம் வந்தது. வீட்டுக்குள்ளேதான். ஆனால் அமுங்கி. மூடிபோட்ட குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல. இந்த வில்லையின் சத்தம் தலையணைக்கு அடியில் இருந்தாலே கேட்காது என்று போன வாரம்தான் ஆரோனிடம் குறைப்பட்டிருந்தாள். காதைச் சாய்த்தாள். சமையலறையில் இல்லை. ஹால். ஹாலில் எங்கே? மேஜையில் இல்லை. தரையில் இல்லை.

நாற்காலி காலியாக இருந்தது.

மெழுகுவத்தி அணைந்திருந்தது. டார்ச்சை மெதுவாகத் திருப்பினாள். சுவர். காலண்டர். கல்யாணப் படம்.

ஹாலுக்கும் வராந்தாவுக்கும் நடுவில், நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றது. அவள் கட்டிவிட்ட வேட்டி. அவள் வாரிவிட்ட தலை. உடம்பெல்லாம் நீர் வழிந்து, உருவத்துக்கு விளிம்பே இல்லாமல் தண்ணீரோடு தண்ணீராக இறங்கிக்கொண்டிருந்தது. வாயை இறுக்க மூடியிருந்தது.

டிங். டிங். டிங்.

தொண்டைக்குள், தோலுக்கு அடியில், வில்லை அளவுக்கு ஒரு வட்டம் மேலும் கீழும் அசைந்தது.

“சாரா” என்றார் அசரியா வெளியே. குரல் தாழ்வாக, தண்ணீர்மட்டத்திலிருந்து வந்தது. “சாரா, வந்து…”

“…சேர்ந்தாச்சு” என்றது உள்ளே. தாமதமே இல்லை.

அது வாயைத் திறந்தது. சத்தம் கணீரென்று வீடெல்லாம் கேட்டது. டார்ச்சு வெளிச்சம் அதன் நாக்கையும், நாக்குக்குப் பின்னால் கருப்பாக நிரம்பி நின்ற தண்ணீரையும், அந்தத் தண்ணீரில் மினுங்கிய சாவியையும் காட்டியது. கையை முழங்கை வரை விட்டால் எட்டும் தூரத்தில்.

வெளியே கிரில்லைத் தட்டும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. சாராள் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலது கையை நீட்டினாள். அது அவளுக்காக வாயை இன்னும் அகலமாகத் திறந்தது.